மூன்றாம் நாள் ஈரல்

தெகேயா நகரம். பனி உருகும் மாதம், வளர்பிறை இரண்டாம் நாள்

திமேயாஸ் மச்சானுக்கு தமார்க்கோஸ் எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மாதமாக நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. என் மகனைப் புதைத்த இடத்தில் உங்களைப் பார்த்து நான் சொன்ன வார்த்தையை இப்போதும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதற்காக இந்தக் கடிதம் இல்லை.

என்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். போட்டவர் ஆல்கிமோஸ், செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறாரே அவர்தான். சென்ற கோடையில் ஆற்றங்கரையில் மூன்று நாள் நான் படையை நிறுத்தி வைத்தது குறி சரியில்லை என்பதால் இல்லையாம். போருக்குப் பயந்து, படைக்குக் குறி பார்க்கிறவரும் என் மனைவியின் அண்ணனுமான உங்களுக்குக் காசு கொடுத்துக் கெட்ட குறி சொல்ல வைத்தேனாம். அதனால்தான் எண்ணூறு பேரும் பட்டினி கிடந்தார்களாம், மாவு தேடி ஆற்றைக் கடந்த நாற்பது பேரும் எதிரியின் குதிரைப்படையிடம் சிக்கிச் செத்தார்களாம். அந்த நாற்பதில் அவருடைய மகனும் உண்டு. அவர்களுக்குத் தலைவனாகப் போனவன் என் மகன் லைக்கோன் என்பது அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

குற்றம் உறுதியானால் மரண தண்டனை. இரக்கம் காட்டினால் நாடு கடத்துவார்கள்.

எனக்கு வேண்டியது உங்களிடமிருந்து ஒரே ஒரு வாக்கியம். மூன்று நாளும் பலி ஆட்டின் ஈரலில் குறி கெட்டிருந்தது என்று எலிஸ் நகர அதிகாரிகள் முன்னால், பன்றியை வெட்டிய துண்டுகளின் மேல் நின்று சத்தியம் செய்து, முத்திரை வைத்து அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டியதில்லை. விசாரணை அடுத்த மாதம் பௌர்ணமிக்கு மறுநாள்.

உங்கள் தங்கை கிளேனோ நலம் என்று எழுதச் சொன்னாள். அவள் நலமாக இல்லை. அலேயா கோயில் வாசலில் அந்தப் படையெடுப்பில் இறந்தவர்களுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். காய்ச்சலில் இறந்த மூன்று பேரின் பெயர் அதில் இருக்கிறது. நாற்பது பேரின் பெயர் இல்லை. குறியை மீறிப் போனவர்களுக்குப் பெயர் வெட்டக் கூடாது என்று சபையில் முடிவு. கல்தச்சன் மட்டும் யாரும் சொல்லாமலே கீழே பாதிக் கல்லை வெறுமையாக விட்டிருக்கிறான். கிளேனோ தினமும் போய் அந்த வெறுமையைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

கம்பளி வியாபாரியிடம் பதிலைக் கொடுத்துவிடுங்கள்.


எலிஸ். அதே மாதம், வளர்பிறை பத்தாம் நாள்

மாப்பிள்ளை தமார்க்கோசுக்கு திமேயாஸ் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது வழக்கு என்பது மட்டும்தான் மனதில் நின்றது. இரண்டாம் முறை கல். மூன்றாம் முறைதான் நீங்கள் கேட்டிருக்கும் வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பார்த்தேன். வழக்கைக் கேட்டு மனம் பதறியது. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வரிசை தவறிவிட்டது, மன்னியுங்கள்.

அந்த வாக்கியத்தில் ஒரு சந்தேகம். “மூன்று நாளும்” என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டுமா? “குறி கெட்டிருந்ததால் படை நின்றது” என்று பொதுவாக எழுதினால் சபை ஏற்குமா? அல்லது முதல் நாளையும் இரண்டாம் நாளையும் தனியாகச் சொல்லி, மூன்றாம் நாளை வேறு விதமாகச் சொல்லலாமா? சத்தியம் என்பதால் கேட்கிறேன். வேறு காரணம் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒவ்வொரு பலிக்குப் பிறகும் நான் ஈரலை மெழுகு பூசிய பலகையில் வரைந்து வைப்பது உங்களுக்குத் தெரியும். “மச்சான், தெய்வம் சொன்னதை வாய் சொன்னா போதாதா, மெழுகு வேற சொல்லணுமா?” என்று கூடாரத்தில் கேலி செய்வீர்களே, அந்தப் பலகைகள்தான். முதல் நாள் மூன்று ஆடுகள், இரண்டாம் நாள் மூன்று. ஆறிலும் ஈரலுக்குத் தலை, அந்த மேல்நுனி மடல், இல்லை. இரண்டில் இரத்தக்குழாய் நுழையும் வாசலும் அடைத்திருந்தது. இவற்றில் எனக்குக் கலக்கம் இல்லை. மூன்றாம் நாள் கையிருப்பில் ஒரே ஒரு ஆடுதான் இருந்தது. அந்தப் பலகையை இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. பெட்டியின் அடியில் இருக்கிறது.

என் கண் முன்பு போல் இல்லை. ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. இதை எதற்காக எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இந்த வரியை அடித்தால் கடிதப் பலகையின் மெழுகு கெட்டுப்போகும், அதனால் விட்டுவிடுகிறேன்.

கிளேனோவுக்கு என் அன்பு. கல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.


தெகேயா. தேய்பிறை முதல் நாள்

மச்சானுக்கு.

நான் தண்ணீர் கேட்டால் நீங்கள் கிணற்றின் ஆழத்தை விசாரிக்கிறீர்கள். “மூன்று நாளும்” கட்டாயம் வேண்டும். வழக்கே மூன்றாம் நாளைப் பற்றியதுதான். நாற்பது பேர் ஆற்றைக் கடந்தது அன்றைக்குத்தான்.

நேற்று சந்தையில் ஆல்கிமோஸ் எண்ணெய்ச் சாடிகளுக்கு நடுவிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார். “தளபதியாரே, உங்க வீட்ல ஆடு அறுத்தா ஈரல் யாருக்கு? மச்சானுக்குத்தானே?” சிரித்தார்கள். என்னோடு மூன்று போரில் நின்ற ஆள்களும் சிரித்தார்கள். அவரே பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எனக்கு உன் உசுரு வேணாம்யா. குத்தம் உன்மேலன்னு ஆச்சுன்னா பசங்கமேல இல்லன்னு ஆகும். என் புள்ள பேரக் கல்லுல வெட்டுவாங்க. எனக்கு அது போதும்.” திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைக் கிளேனோவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள் என்றால் நம்புவீர்களா? ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. “எங்க அண்ணன் கொழம்புல உப்பு போதுமான்னு கேட்டாலே மூணு தடவ ருசி பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பாரு. அவரப் போயி காசுக்குக் குறி சொன்னாருன்றாங்களே.” அப்புறம் அழுதாள். அழுகை நின்றதும் கேட்டாள். “ஏங்க, அண்ணன் சத்தியம் பண்ணி அனுப்பிட்டா நீங்க தப்பிச்சுருவீங்க. அப்ப லைக்கோன்?”

பதில் அவளுக்கும் தெரியும். குறி மூன்றாம் நாளும் கெட்டிருந்தது என்று நீங்கள் சத்தியம் செய்தால் அவன் என்றைக்கும் தெய்வத்தை மீறியவன்தான். அது எனக்குத் தெரியாமலா உங்களிடம் கேட்கிறேன்? இறந்தவனுக்குக் கல்லில் பெயர் வேண்டும். இருக்கிறவளுக்குப் புருஷன் வேண்டும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

பெட்டியைத் திறங்கள். பலகையைப் பாருங்கள். எழுதி அனுப்புங்கள்.


எலிஸ். தேய்பிறை எட்டாம் நாள்

மாப்பிள்ளைக்கு.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதி அழித்தேன். இது ஐந்தாவது. இதையும் அழிப்பதற்குள் முடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

பெட்டியைத் திறந்தேன். பலகையில் என் கையெழுத்தில் இருப்பது இதுதான்: “மூன்றாம் நாள். ஒரே ஆடு. வாசல் திறந்திருக்கிறது. பித்தப்பை சுத்தம். நிறம் நல்லது. தலை உண்டு, சிறியது.”

தலை உண்டு என்று எழுதியிருக்கிறேன், மாப்பிள்ளை. உங்கள் எல்லார் முன்னாலும் தலை இல்லை என்று சொன்னேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன். ஈரலின் தலையைக் கட்டைவிரலின் முதல் கணுவோடு வைத்து அளக்க வேண்டும் என்பது என் அப்பாவின் முறை. அன்று வைத்துப் பார்த்தேன். ஒரு பார்லி மணி அளவுக்குக் குறைந்தது. அப்படிக் குறைந்தால் இன்னொரு ஆடு கேட்க வேண்டும். ஆடு இல்லை. ஆடும் இல்லாவிட்டால், மற்றவை எல்லாம் நன்றாக இருக்கும்போது சிறிய தலையையும் தலையாகவே கொள்ளலாம். அதுவும் அப்பாவின் முறைதான். எனக்கு அது தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து தெரியும்.

நிமிர்ந்து பார்த்தேன். எண்ணூறு பேர் நின்றார்கள். ஆற்றின் அந்தப் பக்கம் மலைச்சரிவில் எதிரியின் புகை. நான் “உண்டு” என்றால் இவர்கள் ஆற்றில் இறங்குவார்கள், இறங்கினால் சிலர் சாவார்கள், அந்தச் சாவு ஒரு பார்லி மணியின் மேல் நிற்கும் என்று நினைத்தேன். “இல்லை” என்றால் காத்திருப்போம், அவ்வளவுதானே. காத்திருந்து யாரும் செத்ததில்லை என்று நினைத்தேன். இல்லை, அவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. பிறகு கூடாரத்துக்குப் போய், மெழுகிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

எனக்கு யாரும் காசு தரவில்லை. நீங்கள் எதுவும் சொல்லித் தரவில்லை. பயம் ஒன்றுதான். அன்று பையனின் குழிப்பக்கம் நின்று என்னைக் கேட்டீர்கள். “நீ ஈரலப் பாத்தியா, உன் பயத்தப் பாத்தியா?” என் வாழ்நாளில் நீங்கள் என்னை ‘நீ’ என்றது அந்த ஒரு முறைதான். சரியாகத்தான் கேட்டீர்கள். பதில் சொல்லாமல் அன்றே எலிசுக்கு வந்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகமும் என்னைத் தின்றது. குறி நல்லதாக இருந்திருந்தால் நாற்பது பேர் ஏன் செத்தார்கள்? அப்படியென்றால் தலை உண்மையிலேயே இல்லையோ, பலகைதான் பொய்யோ? பல நாள் இதைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன். பிறகு புரிந்தது. தெய்வம் எண்ணூறு பேருக்கு வழி விட்டது. நாற்பது பேரை மட்டும் அனுப்பியது நான்.

இனி என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தைச் சபையில் படித்தால் குறி சொன்னவன்மேல்தான் குற்றம், தளபதிக்கு எதுவும் தெரியாது என்று ஆகலாம். என்னை எங்கள் குலத்தின் பலிபீடத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். இரண்டு ஊரிலும் எனக்கு நெருப்பும் தண்ணீரும் கிடைக்காது. அல்லது இதைப் படித்துவிட்டு, “பாத்தீங்களா, மச்சான் பொய்தான் சொல்லியிருக்கான், சொல்ல வச்சது யாரு?” என்று ஆல்கிமோஸ் கேட்கலாம். இரண்டில் எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. குறி பார்த்துப் பிழைத்தவன் இப்படி எழுதுகிறேன்.


எலிஸ். பூ மாதம், வளர்பிறை நான்காம் நாள்

மாப்பிள்ளைக்கு.

கம்பளி வியாபாரி வெறும் கையோடு வந்தார். கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்ததாகச் சொன்னார். “படிச்சாரு. கழுதைக்குத் தண்ணி காட்டச் சொன்னாரு, அவ்ளோதான்” என்றார்.

திட்டியாவது எழுதுங்கள். கிளேனோவுக்குச் சொல்லிவிட்டீர்களா என்பதை மட்டுமாவது எழுதுங்கள்.


தெகேயா. பூ மாதம், வளர்பிறை ஐந்தாம் நாள்

மச்சானுக்கு.

இதுவரை எழுத்தரை வைத்துச் சொல்லச் சொல்ல எழுதினேன். இதை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று உங்களைக் கொல்ல வேண்டும் என்றிருந்தது. மறுநாள் சபைக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம் என்று இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன். கோயில் வரைக்கும் போனேன். கல்லுக்கு முன்னால் கிளேனோ உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்துவிட்டேன். உங்களுக்காகத் திரும்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இருபது வருஷமாகப் பலியில் நான் உங்கள் வலப்பக்கம் நிற்கிறேன். இருநூறு ஈரலாவது பார்த்திருப்பேன். அன்றைக்கும் குனிந்து பார்த்தேன். தலை இருந்தது, மச்சான். சின்னதாக இருந்தது. நானும் பார்த்தேன்.

முந்தின நாள் சாயங்காலம்தான் யார் முதலில் ஆற்றில் இறங்குவது என்று சீட்டுப் போட்டிருந்தோம். லைக்கோன் அணிக்கு விழுந்தது. முதலில் இறங்குகிற அணியில் பாதிப் பேர் கரையேற மாட்டார்கள். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். நீங்கள் நிமிர்ந்து “தலை இல்லை” என்றபோது என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. “நல்லாப் பாருங்க மச்சான், இருக்கே” என்று நான் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு என் குரல் ஒன்று போதும், உடனே ஒத்துக்கொண்டிருப்பீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் பயம் எனக்கு உதவியாக இருந்தது.

அன்று மதியம் அவன் கூடாரத்துக்கு வந்தான். “அப்பா, பசங்க புல்ல மெல்றானுங்க. போயி மாவு தேடிட்டு வரவா?” என்றான். “குறி சரியில்லடா” என்றேன். “குறி படைக்குத்தானேப்பா, மாவுக்கு இல்லையே” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்தக் கரையில் இருக்கிற ஊருக்குத்தான் போவான் என்று நினைத்தேன். அவன் என் சிரிப்பை அனுமதி என்று எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் வண்டி மாட்டை அறுத்து, ஈரல் நன்றாக இருந்து, நாம் ஆற்றைக் கடந்தபோது எதிரியும் இல்லை, சண்டையும் இல்லை. கரையில் கிடந்தவர்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு போனோம். அவன் பையில் ஒரு படி மாவு இருந்தது. நனைந்து களியாகியிருந்தது.

அன்று குழிப்பக்கம் உங்களைக் கேட்ட கேள்வி என்னைக் கேட்டிருக்க வேண்டியது.

இதையெல்லாம் கிளேனோவுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆல்கிமோஸ் சொல்கிற குற்றம் பொய். நான் உங்களுக்குக் காசு கொடுக்கவில்லை. ஆனால் அவர் தேடுகிற குற்றவாளி நான்தான். இது வெளியே போனால் என் தலை போகும், கூடவே உங்களுடையதும். போனவர்கள் போய்விட்டார்கள்.

ஆகவே உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டேன். இதையும் படித்தவுடன் போட்டுவிடுங்கள். நான் கேட்ட அந்த ஒரு வாக்கியத்தைச் சத்தியம் செய்து அனுப்புங்கள். மூன்று நாளும் ஈரல் கெட்டிருந்தது. பொய்ச் சத்தியத்தின் பாவம் என்மேல் என்று நானும் இங்கே பலி கொடுத்துச் சொல்லிவிடுகிறேன். பாவத்தை அப்படி மாற்ற முடியுமா என்று உங்களுக்குத்தான் தெரியும். முடியாது என்றால் எழுத வேண்டாம்.

பௌர்ணமிக்குப் பத்தே நாள்தான் இருக்கிறது.


மலைப்பாதை விடுதி, தெகேயாவிலிருந்து ஒன்றரை நாள் தூரம். பூ மாதம், வளர்பிறை பதின்மூன்றாம் நாள்

மாப்பிள்ளைக்கு.

உங்கள் கடிதம் பத்தாம் நாள் காலையில் வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் கோணல் எழுத்தில் இருந்ததால் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. மதியத்துக்குள் புறப்பட்டேன். என் கால் உங்களுக்குத் தெரியும். கோவேறு கழுதை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. இந்தக் கடிதத்தை எனக்கு முன்னால் போகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் வருவது உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

பாவத்தை மாற்ற முடியாது. நீங்கள் எழுத வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் எழுதிவிட்டேன்.

கடிதம் எரிந்துபோயிற்று, பலகை இருக்கிறது. துணியில் சுற்றி மார்போடு கட்டியிருக்கிறேன். வெயில் பட்டால் மெழுகு உருகிவிடுமோ என்று வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சபையில் அதை வைத்து, தலை உண்டு என்று கண்டேன், இல்லை என்று சொன்னேன், சொல்லச் சொன்னவர் யாரும் இல்லை என்பேன். மூன்றாம் நாள் குறி நல்லது, அன்று ஆற்றைக் கடந்தவர்கள் தெய்வத்தை மீறியவர்கள் அல்லர் என்பேன். பன்றித் துண்டுகளின் மேல் நின்று இதைச் சொல்ல எனக்குப் பயமில்லை. பயமில்லை என்பது சரியல்ல. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறை வாய் மாறாது என்று நினைக்கிறேன்.

நம்புவார்களா என்று தெரியாது. உங்களைக் கொன்றுவிடக்கூடிய ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் வந்தால் திருடன் மாதிரி இருக்கும். எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் நீங்களும் கிளேனோவும். மறுபக்கம் நாற்பது பெயர். என் புத்திக்கு அது எடைபோட முடியாதது. ஆனால் அந்த நாற்பது பேர் மேல் இருக்கிற பழி என்னுடையது. என்னுடையதை இறந்தவர்கள் தலையில் வைத்துவிட்டு இனி எந்தப் பலிபீடத்துக்கு முன்னால் நிற்பேன்?

உங்கள் விஷயம் என் வாயிலிருந்து வராது. என் பலகையில் என் கண் பார்த்தது மட்டும்தான் இருக்கிறது. தளபதி வலப்பக்கம் நின்றாரே, அவர் என்ன பார்த்தார் என்று சபையில் யாராவது கேட்டால், அவர் இங்கேதான் இருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் நீங்கள்தான். கிளேனோவிடம் விசாரணைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவள் அதைச் சபையில் நின்று கேட்கக் கூடாது. நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அவள் நம் இருவரையும்விடத் திடமானவள்.

இந்த விடுதியை நடத்துகிற அம்மா நான் யார் என்று தெரிந்துகொண்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கூடுதலாகவே வைத்தாள். அவள் ஆட்டுக்குக் கண்ணில் நீர் வடிகிறதாம், பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அப்புறம் கேட்டாள்.

“பெரியவரே, இந்த வயசுல மல ஏறி வந்துருக்கீங்களே. கெளம்பும்போது குறி பாத்தீங்களா? என்ன சொல்லிச்சு?”

“பாக்கலம்மா.”

“என்னது? குறி சொல்றவரே குறி பாக்காம கெளம்புனீங்களா?”

போகலாமா வேண்டாமா என்று தெரியாதபோதுதான் ஆட்டை அறுத்துக் கேட்போம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். என் வாழ்நாளில் குறி பார்க்காமல் நான் புறப்பட்ட பயணம் இது ஒன்றுதான்.

நாளை மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவேன். உங்கள் வீட்டு வாசலில்தான் இறங்குவேன், உள்ளே கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் விருப்பம். கூப்பிட்டால், எனக்கும் சேர்த்துச் சமைக்கும்படி கிளேனோவிடம் சொல்லுங்கள். உப்பு எப்படி இருந்தாலும் சரி.